தாவரப் பொருள்களில் மக்கும் கப் செய்வது: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

வைக்கோல், கரும்புச் சக்கை, உமி, மாவுச்சத்து, கடற்பாசி என்று தாவரத்திலிருந்து கிடைப்பதை வைத்துக் குடிக்கும் கப் செய்ய நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. வீட்டில் முயற்சி செய்பவர்களுக்கும் சிறு அளவில் தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தாவரத்தில் செய்த கப் என்றாலே மக்கிவிடும்தானே?

இல்லை, பலரும் இடறுவது இங்கேதான். கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து எத்தனால் எடுத்து, அதிலிருந்து பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கைச் செய்கிறார்கள். பிரேசிலில் 2010 முதல் பெரிய ஆலையிலேயே இது நடக்கிறது. மூலம் கரும்புதான், ஆனால் கடைசியில் கையில் வருவது பெட்ரோலியத்திலிருந்து வரும் அதே பாலிஎதிலீன், அது மக்காது. இதற்கு நேர்மாறாக, பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, ஆனால் உரக்கூடத்தில், அதாவது கழிவை மக்கவைத்து உரமாக்கும் இடத்தில், நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். ஆகவே எந்தக் கப்பைப் பார்த்தாலும் எதிலிருந்து வந்தது என்பதை ஒரு கேள்வியாகவும், எங்கே எப்படி முடியும் என்பதை வேறு கேள்வியாகவும் கேளுங்கள். விளம்பரங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

காகிதக் கப் இருக்கிறதே, அது போதாதா?

இப்போது புழக்கத்தில் உள்ள காகிதக் கப்பில் எடையில் சுமார் 5 சதவீதம் பாலிஎதிலீன். உள்பக்கம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காகிதம் மக்கினாலும் அந்தப் படலம் துணுக்குகளாக மண்ணில் நின்றுவிடும். மறுசுழற்சிக்கு அனுப்பினாலும் நாரையும் படலத்தையும் பிரிக்கத் தனி ஏற்பாடு வேண்டும், பெரும்பாலான காகித ஆலைகளில் அது கிடையாது.

ஆனால் காகிதக் கப் பிறந்தபோது இப்படி இல்லை. பொது இடங்களில் எல்லோரும் ஒரே குவளையில் வாய் வைத்துக் குடித்ததால் நோய் பரவுகிறது என்ற கவலையில்தான் அமெரிக்காவில் லாரன்ஸ் லூலன் 1907 வாக்கில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காகிதக் கப்பைக் கொண்டுவந்தார். 1909-இல் கான்சஸ் மாநிலம் பொதுக் குவளைக்கே தடை போட்டது. அந்தக் காலத்துக் கப்களுக்கு மெழுகுதான் பூச்சு, பிளாஸ்டிக் படலம் வந்தது பிற்பாடு. பிளாஸ்டிக் இல்லாமல் முடியவே முடியாது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் இதில் என்னதான் கஷ்டம்?

தண்ணீர்தான் கஷ்டம். தாவர நார் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது ஹைட்ரஜன் பிணைப்புகளால். நாரைத் தண்ணீரில் அடித்து எடுக்கும் கூழைக் காயவைத்தால் பசை எதுவும் போடாமலேயே அது கெட்டிப்படுவதும் அதனால்தான். தண்ணீர் வந்ததும் அது இழைகளுக்கு நடுவே புகுந்து, இழையோடு தானே பிணைந்துகொள்கிறது. இழைக்கும் இழைக்கும் இருந்த பிடி விட்டுப்போகிறது, கப் தொளதொளத்துவிடுகிறது.

இதே தண்ணீர் உள்ளே போனால்தான் நுண்ணுயிர்களும் உள்ளே போய் வேலை செய்ய முடியும். அதாவது கப்பை மக்கவைப்பதும் கப்பை ஒழுகவைப்பதும் ஒரே குணம். ஒன்றை முழுக்க அடைத்தால் மற்றதும் அடைபடும். அதனால், தண்ணீரே புகாத கப்பைத் தேடாதீர்கள். எத்தனை நிமிடம் தாங்கினால் போதும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒருவர் ஒரு கப்பைக் குடித்து முடிக்கப் பதினைந்து, இருபது நிமிடம். அதற்கு இரண்டு மடங்கு தாங்கினால் தாராளம். ஒரு நாள் முழுக்கத் தாங்க வேண்டும் என்று ஆரம்பித்தால் கடைசியில் பிளாஸ்டிக்கில்தான் போய் நிற்பீர்கள்.

எந்தத் தாவரப் பொருள் நல்லது?

கையில் தாராளமாகக் கிடைக்கும் கழிவு எதுவோ அதில் ஆரம்பியுங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு.

கரும்புச் சக்கைதான் இன்று இந்தத் தொழிலில் முன்னணி. சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் நார், ஆலையில் ஒரே இடத்தில் மலைபோல் குவிகிறது, சேகரிக்க அலைய வேண்டாம். அதில் உள்ள சோற்றுப் பகுதியை, அதாவது நடுவில் பஞ்சு மாதிரி இருக்கும் பகுதியை, சலித்து நீக்கிவிட்டுக் கூழாக்க வேண்டும். அது இருந்தால் கூழில் தண்ணீர் வடியாது, பலமும் குறையும்.

வைக்கோலிலும் நல்ல கூழ் வரும், ஆனால் நார் குட்டை. நெல் வைக்கோலில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே கடினப் பொருள், அதிகம். உமியில் இன்னும் அதிகம், எரித்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்காதான். உமி கப்புக்குக் கெட்டித்தன்மை தரும், ஆனால் தானாக ஒட்டாது, பிசின் கேட்கும், உலோக அச்சையும் அரித்துத் தேய்த்துவிடும். உமியை முழுக்க நம்பாமல் கலப்புப் பொருளாக மட்டும் பயன்படுத்துவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

கோதுமைத் தவிட்டில் வேறு விதமான வசதி. அதில் மாவுச்சத்தும் புரதமும் ஏற்கெனவே இருப்பதால் கொஞ்சம் ஈரத்தோடு சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். போலந்தில் பயோட்ரெம் என்ற நிறுவனம் இப்படித்தான் தட்டுகள் செய்கிறது. கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் இது ஆகாது, அதைக் கப்பின் மேலேயே எழுதிவைக்க வேண்டும்.

பாக்கு மட்டை தட்டுக்கும் கிண்ணத்துக்கும் அருமை. ஆழமான கப்புக்குச் சரிவராது. ஒரு தகட்டை அவ்வளவு ஆழத்துக்கு இழுத்தால் நார் நீளாது, கிழியும் அல்லது மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியாக ஒழுகும்.

கூழ், அச்சு என்று போகாமல் அப்படியே வெட்டி எடுத்துக் கப் ஆக்க முடியாதா?

முடியும். மூங்கிலின் கணுவுக்குச் சற்றுக் கீழே அறுத்தால் கணுவே அடித்தட்டு ஆகிவிடும். தேங்காய்ச் சிரட்டை இன்னொன்று. சுரைக்காயைப் பிஞ்சிலேயே ஒரு அச்சுக்குள் வைத்து வளரவிட்டால் அந்த வடிவத்திலேயே முற்றி, காய்ந்ததும் ஓடு கெட்டிப்படும். இதைக் கப்பாகச் செய்துகாட்டிய வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள். எந்தப் பூச்சும் வேண்டாம், மக்குமா என்ற சந்தேகமும் வேண்டாம். ஆனால் எல்லாமே மெதுவாக, ஒவ்வொன்றாக வருபவை. நூறு பேருக்குச் சரி, ஆயிரக்கணக்கில் என்றால் கூழுக்குத்தான் வர வேண்டும். பச்சை மூங்கில் காயும்போது வெடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். அறுத்ததும் வேகவைத்து நிழலில் காயவிடுங்கள்.

வீட்டில் கூழ்க் கப் செய்து பார்க்க என்ன வழி?

வைக்கோலையோ சக்கையையோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி இரவு முழுக்க ஊறவையுங்கள். காய்ந்த நாரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட், போட்டு நார் மூழ்கத் தண்ணீர் விட்டு மூன்று நான்கு மணி நேரம் மெல்லிய கொதியில் வேகவைக்க வேண்டும். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சோடா அதை அரித்துவிடும். இதற்கென்று ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை ஒதுக்குங்கள். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காஸ்டிக் சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் தோலில் பட்டால் வெந்துவிடும். வீட்டில் அது வேண்டாம்.

விரலால் பிய்த்தால் நார் நீளவாக்கில் சுலபமாகப் பிரிந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கழுவுவது. தண்ணீர் நிறமில்லாமல், வழவழப்பு இல்லாமல் வரும்வரை கழுவுங்கள். அவசரப்பட்டு இங்கே விட்டால் குடிக்கும்போது சோப்பு வாடை வரும். கழுவியதை நிறையத் தண்ணீரோடு மிக்சியில் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். நாரை நறுக்குவது நம் நோக்கமில்லை, அதன் மேற்பரப்பு சிலும்பி விரிய வேண்டும், அப்போதுதான் ஒன்றோடொன்று நன்றாகப் பிணையும். ஆனால் மிஞ்சி அடித்தால் தண்ணீரே வடியாத வழுவழுப்பான கூழாகிவிடும்.

இனி அச்சு. ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் இரண்டு டம்ளர்கள் போதும், ஆனால் அவை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தே ஆக வேண்டும், நேர்ச்சுவர் டம்ளரிலிருந்து கப்பை உருவவே முடியாது. வெளி டம்ளரில் நெருக்கமாகச் சிறு துளைகள் போட்டு, உள்ளே நுண்ணிய கம்பி வலை விரித்து, கூழை ஊற்றிச் சுற்றுங்கள். தண்ணீர் துளை வழியே வடிய, நார் சுவரில் படியும். உள் டம்ளரை இறக்கி அழுத்துங்கள். கூடவே மெல்லிய துணி ஒன்று இருந்தால் ஒட்டாமல் வரும். பிறகு வெளியே எடுத்து, முடிந்தால் உள் டம்ளரின் மேலேயே மாட்டி, மிதமான சூட்டில் முழுக்கக் காயவிட வேண்டும். காயும்போது அது சுருங்கி உள் டம்ளரை இறுகப் பிடிக்கும், உள்பக்கம் வழவழப்பாக வரும். முழுக்கக் காய்வதற்கு முன் உருவப் பார்த்தால் அடி கழன்றுவிடும்.

பழைய செய்தித்தாளை ஊறவைத்தால் இந்த வேலையெல்லாம் மிச்சம் என்று தோன்றும். பழகுவதற்கு மட்டும் செய்யுங்கள், அதில் குடிக்காதீர்கள். அச்சு மையிலும் பழைய காகிதத்திலும் உள்ள கனிம எண்ணெய்கள் பானத்தில் இறங்கும்.

வேகவைக்காமல் மாவுச்சத்திலேயே சுட்டு எடுக்க முடியாதா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த முறை இது. சோளம், உருளை, மரவள்ளி என எந்த மாவுச்சத்தும் சரி. ஏறக்குறைய சம எடை தண்ணீரும், பத்தில் ஒரு பங்கு நுண்ணிய நாரும் சேர்த்துக் குழைத்து, இரு பாக உலோக அச்சில் 180 முதல் 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் மூடிவைத்தால், மாவுச்சத்து கூழாகி, உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி அதை நுரைக்கவைத்து அச்சை நிரப்பிவிடும். ஐஸ்கிரீம் கோன் சுடும் அதே வித்தை. அச்சில் ஆவி போக நுண்ணிய வழி கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திறக்கும்போது வெடித்துச் சிதறி முகத்தில் அடிக்கும்.

குறை என்னவென்றால், மாவுச்சத்து நாரைவிடவும் தண்ணீருக்குப் பயந்தது. பூச்சு இல்லாவிட்டால் சில நிமிடங்களில் குழைந்துவிடும். நுரை என்பதால் காய்ந்த காற்றில் மொறுமொறுவென்று நொறுங்கும், ஈரக் காற்றில் வளையும்.

தண்ணீர் இறங்காமல் இருக்க எதைப் பூசலாம்?

இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். ஒன்று, கூழிலேயே கலப்பது. பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழில் சேர்த்து நாரையே தண்ணீரை வெறுக்கவைப்பது காகித ஆலைகளின் பழைய முறை. இப்போது ஆலைகள் ஏகேடி என்ற ஒன்றைச் சேர்க்கின்றன. கொழுப்பு அமிலத்திலிருந்து வருவது, மிகச் சிறிய அளவே போதும்.

இன்னொன்று மேலே மெழுகு. தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகிவிடும், குளிர் பானத்துக்குத்தான் சரி. கார்னாபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருகிறது, 82–86 டிகிரிவரை தாங்கும், ஆனால் தனியாகப் பூசினால் விரிசல் விடும், கொஞ்சம் மிருதுவான மெழுகோடு கலந்து பூசுங்கள். கப்பை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு மெழுகை ஊற்றிச் சுழற்றி மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் மெழுகு நாருக்குள் இறங்கும். ஆறிய கப்பில் பூசினால் மேலே தோலாக நின்று உரியும். மெழுகை நேரடித் தீயில் உருக்க வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சமையல் எண்ணெய் தடவலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது, காறல் வாடை வந்துவிடும்.

கடையில் வாங்கும் கூழ்ப் பாத்திரங்கள் எண்ணெயையும் சூட்டையும் அசாத்தியமாகத் தாங்கினால் எனக்குச் சந்தேகம் வரும். பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களைப் பல ஆண்டுகள் இதற்குச் சேர்த்துவந்தார்கள். அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. மக்கும் பாத்திரம் மக்கி, அவற்றை உரத்தில் விட்டுச்செல்லும். எண்ணெய் புகாமைக்காக இவற்றைச் சேர்த்த உணவுப் பொதிகள் அமெரிக்காவில் இனி விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. வாங்கும்போது பிஎஃப்ஏஎஸ் சேர்க்கவில்லை என்ற எழுத்துப்பூர்வ உறுதியைக் கேளுங்கள்.

சூடாக டீ, காபி ஊற்றலாமா?

பூச்சு எதுவோ அதைப் பொறுத்தது. புதிதாகப் போட்ட டீ 80 டிகிரிக்கு மேல் இருக்கும், தேன்மெழுகு பூசிய கப்பில் ஊற்றினால் மேலே மெழுகு மிதக்கும். பிசின் கலந்து நன்றாக அழுத்திய தடித்த கூழ்க் கப் கொஞ்ச நேரம் தாங்கும்.

பிஎல்ஏ கப் என்று கண்ணாடி போல ஒன்று வருகிறதே?

மாவுச்சத்தையோ சர்க்கரையையோ புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யும் பிளாஸ்டிக் அது. 55–60 டிகிரியிலேயே இளகிவிடும், ஆகவே தெளிவான பிஎல்ஏ கப் குளிர் பானத்துக்கு மட்டும். சூட்டுக்குப் படிகமாக்கிய வகை இருக்கிறது, பால்வெள்ளையாக இருக்கும். வீட்டில் செய்யும் விஷயமில்லை. இது ஒழுங்காக மக்குவதற்குச் சுமார் 58 டிகிரி சூட்டில் இயங்கும் தொழில்முறை உரக்கூடம் வேண்டும். அது இல்லாத இடத்தில் இந்தக் கப் சாதாரண பிளாஸ்டிக் மாதிரியே நீண்ட காலம் கிடக்கும், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதையும் கெடுக்கும். உங்கள் பகுதியில் உரக்கூடம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் இதை வாங்குவதில் பொருளே இல்லை.

மூங்கில் நார்க் கப் பாதுகாப்பானதா?

மூங்கிலை அப்படியே அறுத்தது என்றால் பாதுகாப்பானது. மூங்கில் தூளை அச்சில் வார்த்து, வண்ணம் தீட்டி, பளபளவென்று பலமுறை பயன்படுத்தலாம் என்று வருவதுதான் பிரச்சினை. அதில் தூளைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் மெலமின்–ஃபார்மால்டிஹைடு என்ற செயற்கைப் பிசின். சூடான பானம் ஊற்றும்போது இவை இரண்டும் பானத்தில் இறங்குகின்றன என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பிஎஃப்ஆர் 2020-இல் எச்சரித்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் இத்தகைய பாத்திரங்களைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. இவை மக்குவதும் இல்லை.

எத்தனை நாளில் மக்கும்?

எங்கே என்று சொல்லாமல் எத்தனை நாள் என்று மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள். ஐரோப்பியத் தரநிலை இஎன் 13432 கேட்பது: 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் நிற்கக் கூடாது, 6 மாதத்துக்குள் 90 சதவீதம் உயிரிய முறையில் சிதைய வேண்டும். ஆனால் இது தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டில். வீட்டு உரத்துக்கான ஆஸ்திரேலியத் தரநிலை ஏஎஸ் 5810 சாதாரண வெப்பநிலையில் சோதித்து 12 மாதம் அவகாசம் தருகிறது. பூச்சில்லாத கூழ்க் கப்பை வீட்டு உரக்குழியில் கிழித்துப் போட்டால் சில மாதங்களில் அடையாளம் தெரியாமல் போகும். கிழித்துப் போடுவது முக்கியம், முழுசாகப் போட்டால் உள்ளே காற்று நின்று காய்ந்தே கிடக்கும். நாரில் கரிமம் அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு, ஆகவே பச்சைக் காய்கறிக் கழிவோடு கலந்து போடுங்கள்.

குப்பைமேட்டில் புதைந்தால் காற்று இல்லாமல் மெதுவாகச் சிதைந்து மீத்தேன் வரும், அது கரியமில வாயுவைவிடப் பலமடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால் கப்பைச் செய்பவர் அதைத் திரும்பச் சேகரிக்கும் வழியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

குடித்துவிட்டுச் சாப்பிடக்கூடிய கப்?

கடற்பாசியிலிருந்து வரும் அகரில் செய்கிறார்கள். 85 டிகிரி வாக்கில்தான் உருகும், 40-க்குக் கீழ் உறையும், ஆகவே குளிர் பானத்துக்கு நன்றாக நிற்கும். ஆனால் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் வைத்திருந்தால் சுருங்கும், அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். ஒரு விழாவுக்குச் செய்து மகிழலாம், அடுக்கிவைத்து விற்க முடியாது.

தொழிலாகச் செய்ய எதைக் கவனிக்க வேண்டும்?

காயவைப்பதை. அச்சிலிருந்து வரும் ஈரக் கூழில் முக்கால் பங்கு வரை தண்ணீர்தான், அதை வெளியேற்றத்தான் எரிபொருள் செலவில் பெரும்பகுதி போகும். வெயிலில் காயவைத்தால் மிச்சம், ஆனால் கப் கோணிக்கொள்ளும், தூசியும் ஒட்டும். சூடான அச்சில் அழுத்திக் காயவைத்தால்தான் சுவர் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் வரும், தண்ணீர் இறங்குவதும் தானாகக் குறையும். இன்னொன்று, ஈரத்தோடு அடுக்கிவைத்தால் பூஞ்சை பிடித்து மொத்தமும் வீணாகும். உணவு தொடும் பொருள் என்பதால் ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் விற்கவே கூடாது.

கழுவிப் பயன்படுத்தும் டம்ளர் இருக்கும்போது இது எதற்கு?

கழுவ வசதி இருக்கும் இடத்தில் இது வேண்டாம், டம்ளரையே பயன்படுத்துங்கள். பெருங்கூட்டம், பயணம், மருத்துவமனை, தண்ணீர்ப் பஞ்சம் என்று கழுவ முடியாத இடங்கள் இருக்கின்றன, அங்கேதான் இதற்கு வேலை.

என் கப் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று எப்படிச் சோதிப்பது?

காய்ந்த கப்பை எடை போட்டு, தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்து, கொட்டி, ஒற்றித் துடைத்துத் திரும்ப எடை போடுங்கள். கூடிய எடைதான் குடித்த தண்ணீர். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதைச் செய்து எழுதிவையுங்கள், கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். மக்குவதையும் இப்படியே பார்க்கலாம்: கப் துண்டோடு பூச்சில்லாத காகிதத் துண்டு ஒன்றையும் அதே மண்ணில் புதையுங்கள். காகிதமே மக்கவில்லை என்றால் மண் காய்ந்திருக்கிறது, குற்றம் கப்பில் இல்லை.

சுவர் நன்றாக இருக்கிறது, விளிம்பு மட்டும் முதலில் ஊறிப் பிரிகிறது, ஏன்?

பூச்சு போட்ட பிறகு விளிம்பைக் கத்தரித்திருப்பீர்கள். வெட்டிய இடத்தில் நாரின் முனைகள் திறந்து நிற்கும், அங்கே உதடு பட்டதும் ஈரம் உள்ளே ஏறும், பிறகு பூச்சுக்கு அடியிலேயே பரவும். முதலில் கத்தரித்து, பிறகு பூசி, கடைசியில் விளிம்பை மட்டும் தலைகீழாக இன்னொரு முறை மெழுகில் தோய்த்தெடுங்கள். அடியும் சுவரும் சேரும் மூலையிலும் இதே சிக்கல் வரலாம், அங்கே கூழ் மெல்லியதாகப் படிந்திருக்கும். அச்சில் அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாக்கினால் சரியாகிவிடும்.